ஞாயிறு காலை பத்து மணிக் கூட்டம்

எங்கள் வீட்டில் 2018இல் ஒரு சண்டை நடந்தது. நான் அப்போது பிளஸ் ஒன். அப்பாசியாவில் மூன்றாவது மாடி, இரண்டு அறை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் அப்பாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. தாம்பரம் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் ஃபிளாட்டின் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்த நோட்டீஸ் அது. எங்கள் ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்த டீச்சர் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

நோட்டீஸில் இருந்தவை மூன்று. சொந்தக்காரர் குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு மெயின்டெனன்ஸ் மாதம் 2,400 ரூபாய். வாடகைக்கு விட்ட ஃபிளாட்டுக்கு 4,800. கட்டாவிட்டால் தண்ணீர் லைன் அடைக்கப்படும். கீழே, "பொதுக்குழு தீர்மானத்தின்படி" என்று எழுதி, அசோசியேஷன் செகரட்டரி கையெழுத்துப் போட்டிருந்தார்.

"எந்தப் பொதுக்குழு? நமக்கு யார் சொன்னா?" என்று அம்மா கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குக் கூட்டம் போட்டிருப்பாங்க. நாம அங்க இல்லையே. என்ன பேச முடியும்?" என்றார் அப்பா.

குவைத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். சென்னையில் காலை பத்து மணி என்றால் எங்களுக்கு ஏழரை. அப்பா அப்போது கம்பெனி பஸ்ஸில் சைட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். ஊரில் ஃபிளாட் வாங்கிய வளைகுடாக்காரர் ஒருவர்கூட வர முடியாத நேரம் ஒன்று வாரத்தில் உண்டு என்றால், அது ஞாயிறு காலை பத்து மணிதான்.

அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சில பழைய வழக்குகளைச் சொல்ல வேண்டும். எனக்கு அவை அப்போது தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். நீங்கள் எனக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வாடகைக்காரர்களின் ஊர்

அப்பாசியா, ஜலீப் அல் ஷுயூக் பகுதிக்குள் இருக்கிறது. விமான நிலையம் பக்கம் என்பதால் தலைக்கு மேல் விமானச் சத்தம் ஓயாது. மலையாளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், எகிப்தியர்கள், வங்காளிகள் என்று எல்லோரும் இருக்கிறோம். எல்லோருக்கும் பொதுவான ஒன்று, வாடகை. இந்தியர்களான நாங்கள் இங்கே வீடு வாங்க முடியாது. எத்தனை வருஷம் இருந்தாலும் ஹாரிஸிடம் வாடகையைக் கொடுத்து ரசீது வாங்குவதுதான் எங்களுக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு.

ஆனால் வாடகைக்காரருக்கும் சட்டம் உண்டு. குவைத்தில் 1978இன் 35ஆம் எண் வாடகைச் சட்டம், ஐந்து வருஷம் ஆகாமல் வாடகையை உயர்த்தக் கூடாது என்கிறது. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் அதை நீதிமன்றத்தில் கட்டலாம். எங்கள் கட்டடத்தில் ஒருமுறை மூன்று வருஷத்திலேயே இருபது தினார் ஏற்றினார்கள். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். எதிர் ஃபிளாட்டுச் சேட்டன் மட்டும் கட்டவில்லை. பழைய வாடகையை நீதிமன்றத்தில் கட்டி, ரசீதை ஃபைலில் வைத்துக்கொண்டார். அவரை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "அவருக்குத் தைரியம். நமக்கு எதுக்கு? நம்ம ஊரா இது?" என்றார்.

அதே அப்பாதான் சொந்த ஊர் ஃபிளாட்டைப் பற்றியும் "நாம அங்க இல்லையே" என்றார். இங்கே இது நம் ஊர் இல்லை, அங்கே நாம் இல்லை. அப்படியென்றால் எங்கேதான் பேசுவது? அன்று எனக்கு வந்த கோபம் இதற்காகத்தான்.

ஒரே மனை, பல சொந்தக்காரர்கள்

அசோசியேஷன் என்ற ஒன்று ஏன் வந்தது? தனி வீடு என்றால் நிலம் உங்களுடையது, கூரையும் உங்களுடையது. அடுக்குமாடியில் அப்படி இல்லை. நாலாவது மாடிக்காரரின் தரைதான் மூன்றாவது மாடிக்காரரின் கூரை. லிஃப்ட், மாடிப்படி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எல்லோருக்கும் சொந்தம். மனையில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு மட்டும் உண்டு. பத்திரத்தில் "யுடிஎஸ்" என்று சொல்வது இதைத்தான்.

இதற்குச் சட்டம் எழுதுவது உலகத்துக்கே புதிய வேலையாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிங்கப்பூர் அதே வழியில் 1967இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் மகாராஷ்டிரம் 1963இலும் 1970இலும் சட்டங்களைக் கொண்டுவந்தது. இலங்கையில் 1973. தமிழ்நாட்டில் 1994இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதுச் சட்டம் வந்தது. துபாய் 2007இல் உரிமையாளர் சங்கங்களுக்குச் சட்டம் போட்டது. பிறகு 2019இல் அதை மாற்றி, நிர்வாகத்தை உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் கொடுத்து, உரிமையாளர்களுக்கு ஒரு குழுவை மட்டும் வைத்தது.

எல்லா இடத்திலும் யோசனை ஒன்றுதான். சொந்தக்காரர்கள் கூடி ஒரு கமிட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கமிட்டி பணம் வசூலித்துப் பொது இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறிய பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்தில் என்னென்ன தப்பு நடக்குமோ அதெல்லாம் இங்கேயும் நடக்கும். பெரும்பான்மை ஒன்று சேர்ந்து சிறுபான்மையின் தலையில் சுமையை வைக்கலாம். பதவியில் இருப்பவர் தனக்கு லாபம் பார்க்கலாம். கணக்கைக் காட்டாமல் இருக்கலாம்.

பத்துத் தெரு தள்ளி இருந்தவர்

அமெரிக்காவில் இது இன்னும் கொடுமையாக இருந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் லபாடி அவென்யூ என்று ஒரு தெரு. 1911இல் அந்தப் பகுதியின் மனைச் சொந்தக்காரர்கள் பலர் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஐம்பது வருஷத்துக்குக் கறுப்பின மக்களோ ஆசியர்களோ இங்கே குடியிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த ஊரில் நாம் இருந்திருந்தால் நமக்கும் இடம் இருந்திருக்காது.

1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம், இப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே தெரியாமல் அங்கே ஒரு வீடு வாங்கியது. அவர்களை வெளியேற்ற வழக்குப் போட்டவர்கள் கிரேமர் தம்பதியர். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட இல்லை, பத்துத் தெரு தள்ளி இருந்தவர்கள். கீழ் நீதிமன்றத்தில் ஷெல்லி குடும்பம் ஜெயித்தது. மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கடைசியில் 1948 மே 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகள் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். மீதி ஆறு பேரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் என்ன வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அநியாயமான ஒப்பந்தத்தை நிறைவேற்ற அரசின் நீதிமன்றம் கை கொடுக்காது என்றார்கள். "நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்" என்று சொல்வது மட்டும் போதாது என்பது அன்று உறுதியானது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இப்படிப் பாகுபாடு காட்டுவதே குற்றம் என்று சட்டம் வர மேலும் இருபது வருஷம், 1968 வரை, ஆனது.

வெளியூரில் இருப்பதற்கு அபராதமா?

எங்கள் நோட்டீஸுக்கு மிக அருகில் இருக்கும் வழக்கு மும்பையில் நடந்தது. அங்கே பெரும்பாலான அடுக்குமாடிகள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களாக இருக்கின்றன. சொந்தக்காரர் தன் ஃபிளாட்டில் குடியிருக்காமல் வாடகைக்கு விட்டால் சங்கம் கூடுதல் கட்டணம் வாங்கும். சில சங்கங்கள் இதையே ஒரு வருமானமாக்கி, இஷ்டத்துக்கு ஏற்றிக்கொண்டே போயின. கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள். கட்டப்போகிறவர்கள் துபாயிலும் குவைத்திலும் லண்டனிலும் இருப்பவர்கள். இப்படி இருக்கும்போது தீர்மானம் சுலபமாக நிறைவேறும் இல்லையா?

2001 ஆகஸ்ட் 1 அன்று மகாராஷ்டிர அரசு ஓர் உத்தரவு போட்டது. அந்தக் கூடுதல் கட்டணம், சங்கத்தின் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. சேவைக் கட்டணம் 2,000 ரூபாய் என்றால் கூடுதலாக 200 ரூபாய்தான் வாங்கலாம். மோன்ட் பிளாங்க் என்ற சங்கம் இதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் சங்கம், எங்கள் பொதுக்குழு, எவ்வளவு வாங்குவது என்று நாங்கள்தானே முடிவு செய்ய வேண்டும் என்பது இப்படிப்பட்ட சங்கங்களின் வாதம். 2007இல் நீதிமன்றம் அரசின் உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

கொஞ்சம் யோசித்தால் நியாயம் புரியும். லிஃப்ட்டில் ஏறுவது சொந்தக்காரரா வாடகைக்காரரா என்று லிஃப்ட்டுக்குத் தெரியாது. வாட்ச்மேன் சம்பளமும் மோட்டார் கரண்ட் பில்லும் யார் குடியிருந்தாலும் அதேதான். செலவு கூடாதபோது கட்டணம் மட்டும் இரண்டு மடங்கு ஆனால், அதற்குப் பெயர் மெயின்டெனன்ஸ் இல்லை, அபராதம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மும்பை உத்தரவு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்களுக்குத்தான். தாம்பரத்தில் அதைக் காட்டி, "இதோ சட்டம்" என்று சொல்ல முடியாது. "இன்னொரு மாநிலத்தில் நீதிமன்றமே இப்படிச் சொல்லியிருக்கிறது, யோசியுங்கள்" என்று வாதம் செய்யலாம். வாட்ஸ்அப்பில் சட்டத்தைப் பற்றி எது வந்தாலும், அது எந்த ஊருக்கு, எந்த வகைச் சங்கத்துக்கு என்று முதலில் பாருங்கள்.

சிங்கப்பூரில் ஒரு கமிட்டி

சிங்கப்பூரில் லியோனி ஹில் என்ற இடத்தில் ஹொரைசன் டவர்ஸ் என்று ஒரு குடியிருப்பு. மொத்தம் 210 வீடுகள். சிங்கப்பூரில் பழைய குடியிருப்பு முழுவதையும் ஒரே நிறுவனத்துக்கு விற்பது சகஜம். முன்பு அதற்கு எல்லாச் சொந்தக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விற்க முடியாது. 1999இல் சட்டம் மாறியது. பத்து வருஷத்துக்கு மேல் பழையது என்றால் 80 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும், மறுப்பவர்களின் வீடும் சேர்ந்தே விற்கப்படும். விற்பனையை நடத்த ஒரு கமிட்டி இருக்கும்.

2007 தொடக்கத்தில் ஹொரைசன் டவர்ஸ் 50 கோடி சிங்கப்பூர் டாலருக்கு விலை பேசப்பட்டது. வாங்க வந்தவர்களில் சிங்கப்பூரின் ஹோட்டல் பிராப்பர்ட்டீஸ் நிறுவனம், மோர்கன் ஸ்டான்லி, கத்தார் அரசின் முதலீட்டு அமைப்பு ஆகியவை இருந்தன. ஆமாம், நம் பக்கத்து நாட்டுக் கத்தார்தான். அந்தச் சமயத்தில் வீட்டு விலை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. நம் வீட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்களே என்று சில குடும்பங்கள் எதிர்த்தன.

எதிர்ப்பவர்களாக இருப்பது சுலபம் இல்லை. பெரும்பாலான அண்டை வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். விற்பனை நின்றுபோனால் அவர்கள் கைக்கு வரவேண்டிய பணம் நின்றுபோகும். 2007 ஆகஸ்டில் மனைப் பிரிவு வாரியம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. காரணம் சின்னது, கையெழுத்துப் பக்கங்கள் சில விண்ணப்பத்தில் இல்லை. உடனே வாங்க வந்தவர்கள், விற்கச் சம்மதித்த சொந்தக்காரர்கள் மேல் பெரும் தொகை நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் விஷயத்தை வாரியத்துக்கே திருப்பி அனுப்பியது. டிசம்பரில் வாரியம் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். அதற்கு மேலும் போனார்கள்.

2009 ஏப்ரல் 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்பனையை ரத்து செய்தது. அது கண்டுபிடித்ததுதான் முக்கியம். கமிட்டியில் இருந்த இருவர் அதே குடியிருப்பில் கூடுதல் வீடுகள் வாங்கியிருந்தார்கள். அதாவது, சீக்கிரம் விற்றுவிடுவதில் அவர்களுக்குத் தனி லாபம் இருந்தது. அதை அவர்கள் மற்றவர்களுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை. 51 கோடி டாலருக்கு வாங்க இன்னொரு நிறுவனம் விருப்பம் காட்டியபோது அதைச் சரியாகத் தொடரவில்லை. சந்தை ஏறியபோது, விலையை மறுபடி யோசிக்கலாமா என்று சொந்தக்காரர்களைக் கேட்கவும் இல்லை.

நீதிமன்றம் சொன்னதை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். கமிட்டி, மற்றவர்களின் சொத்தை நம்பிக்கையின் பேரில் கையில் வைத்திருக்கிறது. தனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டும் இல்லை, எதிர்த்தவர்களுக்கும் அது பொறுப்பு. 80 சதவீதம் கையெழுத்து கிடைத்துவிட்டதால் மீதி 20 சதவீதம் பேர் இல்லாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

தமிழ்நாட்டின் 2022 சட்டம், பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்குச் சொந்தக்காரர்களின் சம்மதம் போதும் என்கிறது. உங்கள் அப்பா தொண்ணூறுகளில் சென்னையில் வாங்கிப் போட்ட ஃபிளாட்டுக்கு இந்தக் கேள்வி சீக்கிரமே வரலாம். அப்போது இந்தச் சிங்கப்பூர் வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்.

சங்கம் நல்லதும் செய்யும்

இதையெல்லாம் படித்துவிட்டு, அசோசியேஷனே வேண்டாம் என்று தோன்றினால், நொய்டாவுக்கு வாருங்கள்.

டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டா, செக்டர் 93ஏ. அங்கே எமரால்டு கோர்ட் என்ற குடியிருப்பு. 2005இல் அனுமதி வாங்கிய வரைபடத்தில் 14 கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் தரைத்தளத்துக்கு மேல் 9 மாடிகள் இருந்தன. மக்கள் அதை நம்பி வாங்கினார்கள். அதற்குப் பிறகு கட்டுமான நிறுவனம் வரைபடத்தை மாற்றிக்கொண்டே போனது. 2009இல் புதிதாக இரண்டு கோபுரங்களுக்கு 24 மாடி அனுமதி. 2012இல் அது 40 மாடி ஆனது. புதுக் கோபுரத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே 16 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 மீட்டர்தான் இருந்தது. ஏற்கெனவே வீடு வாங்கியவர்களிடம் சம்மதம் கேட்கவே இல்லை.

அங்கே குடியிருப்போர் சங்கம் முதலில் கேட்டது வரைபடத்தைத்தான். நொய்டா ஆணையம் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று கட்டுமான நிறுவனத்தையே கேட்டது, நிறுவனம் முடியாது என்றது! 2012இல் சங்கம் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. முன்னால் நின்றவர்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள். வழக்குச் செலவுக்குச் சொந்தக்காரர்களிடம் வீடு வீடாகப் பணம் சேர்த்தார்கள். 2014 ஏப்ரல் 11 அன்று கோபுரங்களை இடிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. ஏழு வருஷம் கழித்து, 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றமும் இடிக்கத்தான் சொன்னது. ஆணையமும் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து விதியை மீறியதாகக் கடுமையாகச் சொல்லி, சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது.

2022 ஆகஸ்ட் 28, மதியம் இரண்டரை மணி. 3,700 கிலோ வெடிமருந்து. சுமார் நூறு மீட்டர் உயரத்தில் நின்ற இரண்டு கோபுரங்களும் சில விநாடிகளில் தூசி ஆயின. அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் அப்பாசியாவில் உட்கார்ந்து போனில் பத்து முறை பார்த்தேன். ஆனால் அந்தச் சில விநாடிக்குப் பின்னால் பத்து வருஷக் காகிதம் இருக்கிறது. மனு, பதில், வரைபடம், ரசீது. வெடிமருந்தைவிட அதுதான் பலமானது என்று நினைக்கிறேன்.

எங்கள் 19 கையெழுத்து

இனி எங்கள் கதை. 4,800 ரூபாய் கட்ட அப்பா மறுக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். இதற்குள் டீச்சர் வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர் வரவில்லை. சின்னக் குழந்தை வைத்திருந்தவர், "அண்ணா, உங்க பிரச்சினைல நாங்க மாட்டிக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதமே காலி செய்தார். தப்பே செய்யாத அவர்தான் முதல் நஷ்டக்காரர்.

அப்போதுதான் அம்மா களத்தில் இறங்கினார். வியாழக்கிழமை ராத்திரிகளில், மறுநாள் லீவு என்பதால், மற்ற சொந்தக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். மொத்தம் 48 ஃபிளாட். வெளிநாட்டில் இருந்தவர்கள் மஸ்கட், சிங்கப்பூர், டல்லாஸ் என்று சிதறிக் கிடந்தார்கள். எல்லோரும் தனித்தனியாகப் பொருமிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கு மற்றவர் நம்பர்கூடத் தெரியாது.

தரைத்தளத்தில் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அங்கேயே குடியிருப்பவர், 2,400 கட்டுகிறவர். இந்தத் தீர்மானத்தால் அவருக்கு லாபம்தான். அவரிடம் பேச அப்பா தயங்கினார். அவர் பேசியது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"தம்பி, நான் அந்தக் கூட்டத்துல இருந்தேன். கை தூக்கல, ஆனா எதிர்த்தும் பேசல. அது தப்பு. எங்க வேணும்னாலும் முதல் கையெழுத்து நான் போடுறேன்."

வழியும் அவர்தான் சொன்னார். எங்கள் அசோசியேஷன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவானது. அந்தச் சட்டத்தின் 36ஆம் பிரிவில், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தால் சங்கத்தின் செயல்பாடு, கணக்கு பற்றிப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். 48இல் மூன்றில் ஒன்று 16. எங்களுக்கு 19 கையெழுத்துக் கிடைத்தது. அதில் பத்துப் பேர் அங்கேயே குடியிருப்பவர்கள். மனுவில் நாங்கள் கேட்டது மூன்றுதான்: சங்கத்தின் துணை விதிகளின் நகல், மூன்று வருஷக் கணக்கு, அந்தப் பொதுக்குழுவுக்கு யார் யாருக்கு அழைப்பு அனுப்பினார்கள் என்ற பதிவு.

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவருக்குக்கூட அழைப்பு போகவில்லை. பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் போன பிறகு, கமிட்டி அவசரமாக ஒரு கூட்டம் போட்டது. 2019இல், எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்று தீர்மானம் மாறியது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். இரண்டு மடங்கு கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வரவில்லை, அடுத்த மாதங்களில் கொஞ்சம் கழித்தார்கள். செகரட்டரி அதே செகரட்டரிதான். போஸ்ட் மாஸ்டரிடம் சில வீட்டுக்காரர்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீச்சர் திரும்பி வரவும் இல்லை.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக ஜலீப் பகுதி முழுவதையும் அடைத்தார்கள். அப்பாசியாவை விட்டு வெளியே போக முடியாது. அப்பாவின் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அடுத்த வருஷம் அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பினார்கள். எங்கே போனார்கள் தெரியுமா? அந்த ஃபிளாட்டுக்குத்தான். அது வெறும் முதலீடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

நான் இன்னும் அப்பாசியாவில்தான் இருக்கிறேன், வேறு கட்டடம், வேறு ஹாரிஸ். போன மாதம் அப்பா போன் செய்தார். கூட்டத்தில் யாரோ, வெளிநாட்டுக்காரர்களிடம் பெயின்ட் செலவுக்குக் கூடுதலாக வாங்கலாம் என்று மறுபடி ஆரம்பித்தார்களாம். அப்பா இப்போது அங்கேயே குடியிருப்பவர். கூடுதல் அவருக்கு வராது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாத்துங்க, அவங்களும் வீடியோல வரட்டும், அப்புறம் பேசலாம்னு சொன்னேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஊரில் ஒரு ஃபிளாட் இருக்கலாம். இந்த வெள்ளிக்கிழமை அப்பா அம்மாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அசோசியேஷன் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது? துணை விதிகளின் நகல் நம்மிடம் இருக்கிறதா? கடைசிப் பொதுக்குழுவுக்கு நமக்கு அழைப்பு வந்ததா? பதில் தெரியாவிட்டால் திட்டாதீர்கள். எங்கள் வீட்டிலும் தெரியவில்லை. சேர்ந்து உட்கார்ந்து தேடுங்கள்.